எட்டாவது பாடம்

போன மே மாசம் தங்கச்சி மகள் போன் பண்ணினாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "மாமா, பாட்டும் டான்ஸும் படிக்கணும். எங்க சேர்றதுன்னு தெரியல. நீங்கதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பீங்களே, பார்த்துச் சொல்லுங்க."

அவர்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம். அவளுடைய அப்பாவழித் தாத்தா கூத்துக்கு மத்தளம் வாசித்தவர். மலைக்கு மேலே வெள்ளிமலை பக்கத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் அவருடைய ஜமா ஏறிப் போகும். அந்த வீட்டுப் பெண் இசையும் நடனமும் படிக்க ஆசைப்படுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் நான் தேட ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

கள்ளக்குறிச்சி 2019இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை விழுப்புரத்தோடு இருந்தது. மாவட்ட அரசு இசைப்பள்ளி விழுப்புரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க உள்ள இந்த இசைப்பள்ளிகளில் சொல்லித்தருவது 7 பாடங்கள்: குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு. பட்டம் வேண்டுமென்றால் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை என்று அரசு இசைக் கல்லூரிகள். கிழக்கே போனால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நாடகம் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைத் துறை.

பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தாத்தா ஐம்பது வருஷம் செய்த வேலை அந்த ஏழில் எதற்குள்ளும் வரவில்லை. வார இறுதியில் பகுதி நேர நாட்டுப்புறக் கலை வகுப்புகள் சில ஊர்களில் தொடங்கப்பட்டிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் வாரம் முழுக்கப் படிப்பது ஒன்று, வார இறுதியில் படிப்பது இன்னொன்று என்கிற ஏற்பாடே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது.

ஒரு நாவலை விமர்சிப்பதுபோல ஒரு பாடத்திட்டத்தையும் விமர்சிக்க முடியும் என்று நினைக்கிறேன். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், எதை எதிலிருந்து பிரித்தார்கள் என்பதெல்லாம் யாரோ ஒருவருடைய கருத்து. அச்சாகி முத்திரை விழுந்துவிட்டதால் அது கருத்து மாதிரித் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

விட்டதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிரித்தது.

கூத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளேயிருந்து துரியோதனனோ கர்ணனோ விருத்தம் பாடுவார். திரை விலகும். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று கட்டை அணிகள் கட்டிய அதே ஆள் பாடிக்கொண்டே அடவு போடுவார், சுழல்வார், கட்டியங்காரனோடு வசனம் பேசுவார். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் அவர் காலைப் பார்த்து வாசிக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை. இதில் குரலிசை மாணவர் யார், நாட்டிய மாணவர் யார், நாடக மாணவர் யார்? ஒரே ஆள்தான்.

கல்லூரியில் இந்த ஆள் மூன்று துறைகளாகிவிடுகிறார். நாட்டியம் படிப்பவர் ஆடுவார், ஓரத்தில் உட்கார்ந்து இன்னொருவர் பாடுவார். குரலிசை படிப்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தே பாடுவார். இயல், இசை, நாடகம் மூன்றும் சேர்ந்ததே தமிழ் என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். மூன்றும் சேர்ந்தே இருக்கும் ஒரு கலைக்குப் பட்டப் படிப்பில் இடம் தேட வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரிவினை கூத்துக்கும் செவ்வியல் கலைக்கும் உள்ள இயற்கையான வித்தியாசம் என்று சொல்லவும் முடியாது. பாலசரஸ்வதி மேடையில் தானே பாடி அபிநயம் செய்தவர். சதிர் மரபில் ஆட்டத்திலிருந்து பாட்டைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஒருவர் ஆட இன்னொருவர் பாடுவது பிற்பாடு வழக்கமாகி, நேர அட்டவணைக்கு வசதியாக இருந்ததால் பாடத்திட்டத்தில் உறைந்துவிட்டது. மென்பொருளில் இது எனக்குப் பழகிய கதை. ஒருகாலத்தில் வசதிக்காகப் பிரித்து வைத்ததை, பத்து வருஷம் கழித்து வருகிறவர்கள் அதுதான் விஷயத்தின் இயல்பு என்று நம்பிவிடுவார்கள்.

பழைய சான்று ஒன்று கூத்தர்களைப் பற்றியதாகவே இருக்கிறது. கல்வராயன் மலைக்கு வடக்கே இருக்கும் செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், 583 அடி. அதன் இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று வாத்தியங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றைக் கட்டித் தூக்கிப்போகும் மூட்டைக்குப் பலாக்காய்க் கொத்தை உவமை சொல்கிறார் புலவர். மலையில் பலா காய்த்துத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூட்டை உடனே கண்ணில் தெரியும். அந்தக் கூட்டத்தை அவர் பாடகர், ஆடுநர் என்று தனித்தனி வரிசையில் நிறுத்தவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே பயணம் போகிறார்கள்.

சரி, பழம்பெருமை போதும். ஒரு கலை நிலைப்பதற்குப் பெருமையைவிடச் சம்பளம் முக்கியம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமிக்கிறான். மொத்தம் 50 பேர், ஆளுக்குத் தினம் முக்குறுணி நெல். பாடுகிறவருக்கும் மத்தளக்காரருக்கும் ஒரே படி. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும். ஒருவர் இறந்தால் அவர் உறவினர் அந்த இடத்துக்கு வரலாம், ஆனால் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஆளை வைக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. வாரிசு முறையும் தகுதிச் சோதனையும் ஒரே கல்லில்! தேவாரம் இன்று ஏழு பாடங்களில் ஒன்றாக இருப்பதற்குப் பின்னால் இப்படி நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த ஆதரவு இருக்கிறது. சுந்தரர் பிறந்த திருநாவலூர் இதே கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். அவர் பதிகம் பாடமாகிவிட்டது. அதே மாவட்டத்தில் கூவாகத்தில் சித்திரைதோறும் நினைக்கப்படும் அரவான் கதை, கூத்துக் களரியில் அரவான் கடபலியாக விடிய விடிய ஆடப்படுகிறது. அது பாடமாகவில்லை.

"கூத்தைக் கல்லூரியில் சொல்லித்தர முடியாது, அது ஜமாவோடு அலைந்து கற்பது" என்று சொல்பவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை. பாரதம் நடக்கும் ஊரில் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுதல், கடைசியில் படுகளம், தீமிதி என்று ஊரே அரங்கமாகும். அதை 50 நிமிட வகுப்புக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் ஓதுவார் மரபையும் கோயிலில்தான் கற்க முடியும் என்று ஒருகாலத்தில் சொல்லியிருப்பார்கள். ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்கே தலைவராக இருந்தார். தஞ்சை நால்வர் வழியில் வந்த பொன்னையா பிள்ளை அங்கே பேராசிரியர். 1929இல் பல்கலைக்கழகம் தொடங்கியபின் முதல் தலைமுறை ஆசிரியர்கள் பட்டம் வாங்கி வந்தவர்கள் அல்ல. மேடையிலிருந்தும் கோயிலிலிருந்தும் வந்து, மற்றவர்களுக்குச் சங்கீத பூஷணம் பட்டம் கொடுத்தார்கள். பட்டம் இல்லாதவர் பாடம் நடத்தக் கூடாது என்று அன்றைக்கே இருந்திருந்தால் அந்தக் கல்லூரியே இருந்திருக்காது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மேன்டில் ஹூட் 1960இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: இன்னொரு நாட்டு இசையை ஆராய்கிறவர் அதை வாசிக்கவும் கற்க வேண்டும், இரண்டு மொழி பேசுவதுபோல. கலிபோர்னியாவில் அவர் ஜாவாவின் கேமலான் வாத்தியங்களை மாணவர்கள் கையில் கொடுத்தார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாலசரஸ்வதியும் அவர் தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் கற்பித்தார்கள். அங்கே முதல் கேள்வி, வாசிக்கத் தெரியுமா என்பதாக இருந்தது.

நம் ஊரிலும் வழி இல்லாமல் இல்லை. ‘புரொபசர் ஆப் பிராக்டிஸ்’ என்ற பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் விதி வகுத்தது. 15 வருட அனுபவம் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதம்வரை வைக்கலாம். என் குறை, காலம் அதிகபட்சம் மூன்று வருடம், விதிவிலக்காக இன்னும் ஒன்று. ஒரு மத்தளக்காரரை உருவாக்க அது போதாது. ஆனாலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. எந்தத் துறையாவது அதன் வழியாக ஒரு கூத்து வாத்தியாரை உள்ளே கூப்பிடலாம்.

இதுவரை எழுதிவிட்டு, கல்லூரிகளை நன்றாக மாட்டிவிட்டோம் என்ற திருப்தியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். திண்ணையில் தாத்தாவிடம் கேட்டேன். "ஏங்க பெரியவரே, பேத்திக்கு நீங்களே கத்துக் குடுத்திருக்கலாமே?"

அவர் சிரித்தார். "பொட்டப்புள்ளய எந்த ஜமாவுல சேப்பாங்க தம்பி?"

அவள் உள்ளேயிருந்து சொன்னாள்: "தாத்தா அண்ணனுக்குச் சொல்லிக்குடுப்பாரு. நான் கதவோரமா நின்னு தொடையில தட்டிப் பழகுனேன் மாமா."

என் கட்டுரை அங்கேயே சாய்ந்தது. கூத்துக்கு ஏழு பாடங்களில் இடமில்லை என்று நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கூத்திலேயே இடம் இருக்கவில்லை. திரௌபதியும் சுபத்திரையும் வந்து போகும் களரியில் அந்த வேஷங்களை ஆண்கள்தான் கட்டினார்கள். என் ஏழு பாடப் பட்டியல், நான் என்ன குறை சொன்னாலும், விண்ணப்பத்தில் ஆணா பெண்ணா என்று பார்த்து அவளைத் திருப்பி அனுப்பாது. ஜாதி கேட்டுத் திருப்பி அனுப்பாது. இதைச் சொல்லாமல் நிகழ்கலைத் துறைகளை விமர்சித்தால் அது பாதி விமர்சனம்.

குரல் காரணம் என்று யாராவது சொன்னால் அதுவும் நிற்காது. மைக் இல்லாத காலத்திலிருந்து கூத்தில் ஆண்கள் தொண்டையை ஏற்றி உச்சக் கட்டையில்தான் பாடி வந்திருக்கிறார்கள். பெண்கள் சாதாரணமாகப் பாடுவதே ஐந்து கட்டை பக்கம். சொல்லப்போனால் அந்த உயரம் அவர்களுக்குத்தான் எளிது. காஞ்சிபுரம் பக்கம் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூனும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். ராஜகோபாலே சின்ன வயதில் படிப்பை விட்டுவிட்டுக் கூத்துக்குப் போனவர். பள்ளியையும் களரியையும் ஒன்றாக வைக்க முடியும் என்று காட்ட அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

ஆக இப்போது என் கருத்து இது. கூத்து எட்டாவது பாடமாக வர வேண்டும். நாட்டுப்புறக் கலை என்ற பெயரில் ஒரு விருப்பப் பாடமாக, இரண்டு அலகில் வரலாறும் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியுமாக அல்ல. ஆடுவது, பாடுவது, மத்தளம் மூன்றையும் ஒரே மாணவர் படிக்கும் முழுப் படிப்பாக. ஜமா வாத்தியார் ஆசிரியராக. செய்முறைத் தேர்வு கோடையில் ஏதாவது ஊர்க் களரியில், ஒரு ராத்திரி முழுக்க. அப்படி வந்தால் பிரித்து வைத்த கல்லூரிக்கும் நல்லது, பெண்களை வெளியே வைத்த களரிக்கும் நல்லது. இரண்டில் எதுவும் தனியாக இதைச் சரிசெய்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை அவள் காத்திருக்க முடியாது. விழுப்புரம் இசைப்பள்ளியில் மிருதங்கத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நாட்டியம் கேட்டவள் ஏன் மிருதங்கம் எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. தாத்தா விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சொற்கட்டு வேற, கை ஒண்ணுதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் மத்தளமும் நடக்கிறது. இப்போது அவள் கதவோரம் நிற்பதில்லை.