மாசி வந்தால் மாடிக்கு ஓடு!

ஆடிப்பட்டத்தைத்தான் ஊரே கொண்டாடுகிறது. கொண்டாடட்டும்! என் ஓட்டு, தை போய் மாசி பிறக்கும் இந்தப் பின்பனிக் காலத்துக்குத்தான். ஆடியில் வைத்த செடி காய்ப்பில் இருக்கும்போது ஐப்பசி அடைமழை வந்து வேரை அழுகவைக்கும். இப்போது அந்தப் பயம் இல்லை. பனி விலகுகிறது, வெயில் இன்னும் முறைக்க ஆரம்பிக்கவில்லை. அக்னி நட்சத்திரத்துக்குள் செடி வேர்பிடித்துக் காய்த்துத் தள்ளிவிடும். மாடித்தோட்டக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

முதல் வேலை, பழைய மண். வடகிழக்குப் பருவமழை பைகளில் இருந்த சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிருக்கும். பைகளைக் கவிழ்த்து, கட்டி உடைத்து, மக்காத வேரைப் பொறுக்கி, மண்ணை மாடித் தரையில் பரப்பி நன்றாக வெயில் காட்ட வேண்டும். கிளறும்போது பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் தட்டுப்படும். வேரைத் தின்னும் வண்டுப் புழுக்கள் இவை. எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் போதும், மைனாக்கள் பந்தி முடித்துவிடும். அந்த வேடிக்கைக்காகவே நான் காபியை மாடிக்கு எடுத்துப் போகிறேன்!

புதுப் பைக்குச் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமபங்கு. நார்க்கழிவை ஊறவைத்து, உப்புப் போக நன்றாக அலசித்தான் சேர்க்க வேண்டும். பழைய மண்ணுக்கு மண்புழு உரமும் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். வேரழுகலைத் தடுக்க ட்ரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து சேர்ப்பேன். பிறகு ஈரம் காயாமல் ஒரு வாரம், பத்து நாள் சும்மா விட்டுவிடுங்கள். கையை உள்ளே விட்டால் பொலபொலவென்று உதிரும். முதல் மழை வாசம் அடிக்கும். அடடா, அந்த மண்ணைத் தொட்டவர் விடமாட்டார்!

இன்னொரு கொடை, சருகு. வேம்பு இலை கொட்டுவது இப்போதுதான். தெருவில் கூட்டிக் கொளுத்தப் போகும் குவியலைக் கேட்டு வாங்கிவிடுவேன். "குப்பைக்குக்கூட ஆள் வந்துருச்சே" என்று எதிர்வீட்டு அக்கா சிரிப்பார். சிரிக்கட்டும். கோடையில் பை காயாமல் காப்பது அந்தச் சருகு மூடாக்குதான்.

தக்காளி, கத்தரி, மிளகாயைக் குழித்தட்டில் நாற்று விட வேண்டும். தக்காளிக்கு என் விருப்பம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1, நாற்று 25 நாளில் நடவுக்குத் தயார். வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, வெள்ளரியை நேரடியாகப் பையில் ஊன்றலாம். வெண்டை விதையை ராத்திரி ஊறப்போட்டு ஊன்றிப் பாருங்கள். நாலைந்து நாளில் மண் லேசாக வெடித்து, கூனிய முதுகோடு முளை மேலே வரும். விதைத்தோல் இன்னும் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் தோலை உதறிவிட்டு இரண்டு இலையையும் விரித்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

பொறுமை இல்லாதவர்களுக்குச் சிறுகீரை இருக்கிறது. விதை பொடி என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள்; எறும்பு இழுக்காமல் இருக்கப் பையைச் சுற்றி மஞ்சள்தூள் போடுங்கள். ஒரு மாதத்துக்குள் கடைந்து சாப்பிடலாம்.

சித்திரையில் பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளலாம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பை, அவற்றை நிரப்பச் செம்மண், நார்க்கழிவு, ஒரு மூட்டை மண்புழு உரம், ஒரு பொட்டலம் வெண்டை விதை மட்டும் வாங்குங்கள். பங்குனி முடிவதற்குள் சொந்த மாடி வெண்டைக்காயில் புளிக்குழம்பு வைத்துவிடலாம். தள்ளிப்போடாதீர்கள்!