கட்டும் கையும் கற்கும் நாவும்

பாலர் வகுப்பில் கட்டை அடுக்குதல் புதிய முறை அன்று. 1837ஆம் ஆண்டில் செருமனியில் பாலர் கல்விக்கு வித்திட்ட பிரெடரிக் புரோபெல், எட்டுச் சிறு கட்டைகள் சேர்ந்து ஒரு கனசதுரமாகும் கருவியைக் குழந்தையின் கையில் கொடுத்தார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்களை அடுக்கும் கோபுரத்தை மரியா மாண்டிசோரி அம்மையார் அமைத்தார். 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். ஆகவே, கட்டைகளால் பயன் உண்டா என்பது முடிந்த வழக்கு. சிங்கப்பூரில் நம் குழந்தைகள் அவற்றை எம்மொழியில் அடுக்குகின்றனர் என்பதே இன்று ஆராயத்தக்கது.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் 2014இல் தொடங்கின; அவற்றில் தமிழும் கற்பிக்கப்படுகிறது. 2012இல் வெளிவந்து 2022இல் புதுப்பிக்கப்பட்ட பாலர் கலைத்திட்டக் கட்டமைப்பு, விளையாட்டின்வழிக் கற்றலை வற்புறுத்துகிறது. கொள்கையில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், யான் பார்த்த தமிழ் வகுப்புகள் சிலவற்றில் கட்டைப் பெட்டி மூடியே கிடந்தது; எழுத்துத் தாளும் வண்ணம் தீட்டும் படமுமே மேசைமேல் இருந்தன. வேறு சிலவற்றில் ஆசிரியரே அட்டையால் வீடு செய்து முடித்திருந்தார். குழந்தைகள் அதன்மேல் வண்ணத்தாள் ஒட்டினர். காட்சிக்கு அது அழகுதான். ஆனால், குழந்தைகள் வாய் திறக்கும் தேவை அங்கே எழவில்லை.

படத்தாள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லையே கற்பிக்கும். கட்டையோ வினைச்சொல்லைக் கேட்டு வாங்கும். இரு சிறுவர் கட்டிய சுவர் சரிந்தால், "அது விழுந்தது" என்பான் ஒருவன். "இல்லை, நீ தள்ளினாய்" என்பான் மற்றவன். சாய்ந்தது, சாய்த்தான், கவிழ்ந்தது, கவிழ்த்தான். மேல்வகுப்பில் தன்வினை, பிறவினை என்று நாம் நூற்பாப்போல் ஒப்பிக்கச் செய்வதை ஐந்து வயதுக் குழந்தை தன் வழக்கைத் தானே பேசிக் கற்றுக்கொள்கிறது. "தூணுக்கு மேலே வை" என்பதில் வேற்றுமையும், "இதை எடுத்தால் விழுந்துவிடும்" என்பதில் நிபந்தனையும் வருகின்றன. "சாஞ்சிடுச்சு" என்று குழந்தை சொன்னால், திருத்துவதற்காக விளையாட்டை நிறுத்தலாகாது. "ஆம், சாய்ந்துவிட்டது, ஏன் சாய்ந்தது?" என்று ஆசிரியர் தொடர்ந்தால் போதும்.

இவ்விடத்தில் முன்னோர் முறைகளையும் அப்படியே ஏற்றல் தகாது. புரோபெலின் வழிவந்தோர் பலர், ஆசிரியர் கட்டளைப்படி எல்லாக் குழந்தைகளும் ஒரே வடிவத்தை அமைக்கும் பயிற்சியாக அதனைச் சுருக்கினர். மாண்டிசோரி முறையில் ஆசிரியர் கருவியைச் சில சொற்களோடு, பெரும்பாலும் அமைதியாகவே செய்து காட்டுவார். தமிழை வீட்டிலேயே நிரம்பக் கேட்ட குழந்தைக்கு அவ்வமைதி கேடு செய்யாது. சிங்கப்பூர்க் குழந்தையின் நிலை வேறு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் நூற்றுக்கு 2.5 பேரே. இக்குழந்தைக்கு வகுப்பறையே பேச்சுக்களம். அங்கும் வாய் மூடியிருந்தால், தமிழ் வாழும் மொழியாக அதற்கு எங்கே கிடைக்கும்?

கட்டடத் தொழிலின் சொல்வளம் நமக்குக் கடன் வாங்க வேண்டிய ஒன்றன்று. 1819இல் இத்தீவுக்கு வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை வைத்தார். சிராங்கூன் சாலை வட்டாரத்திலும் அந்நூற்றாண்டில் சூளைகள் இருந்தன. இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்த சென்னைச் சுண்ணாம்பு பூசப்பட்டது. சுண்ணாம்பு என்னும் நம் சொல்லே ஆங்கிலத்திலும் ஏறியது. தூண், விட்டம், படி, சாரம், முட்டுக்கொடுத்தல் என்னும் சொற்களை நம் குழந்தை அறியாது போவது பெருங்குறை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. தோட்டப் பள்ளிகளில் பால் டின்னும் தீப்பெட்டியும் களிமண்ணும் கொண்டே நாங்கள் கட்டியிருக்கிறோம். சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுக. அடி ஏன் அகலம், நுனி ஏன் குறுகல் என்று கேட்டு, வகுப்பில் கட்டச் செய்க. கடை வரிசையைக் கட்டும்போது முன்னே அஞ்சடி விடச் சொல்க. ஆசிரியர் தாம் கட்டாது, கேள்வியை மட்டும் கையில் வைத்திருத்தல் வேண்டும். கட்டியது இடிந்தாலும் கவலை இல்லை. ஏன் இடிந்தது என்று குழந்தை தமிழில் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் நிறைவெய்தியது.