ஆவணப் பட்டியல்களும் மலைவாழ் மக்களும்: ஒரு திறனாய்வு

பழைய கடிதங்களும் பதிவேடுகளும் ஒரு காப்பகத்தில் இருப்பது வேறு. தேடி வருவோர் கைக்கு அவை எட்டுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே பாலமாக நிற்பது தேடுதுணைப் பட்டியல். எப்பெட்டியில் எத்தாள் உள்ளது, அது யாருடையது, எக்காலத்தது என்பதை அது அறிவிக்கிறது. இப்பட்டியல்கள் கணினியில் ஏறிவரும் இந்நாளில், அவற்றிற்கு ஒரு பொதுநெறி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அப்பொதுநெறி யாருக்குப் பயன்படுகிறது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா.

பல்கலைக்கழகக் காப்பகங்கள் பெரிதும் பின்பற்றும் நெறிகள் இரண்டு. சர்வதேச ஆவணக் காப்பகப் பேரவை 1994இல் வெளியிட்டு, 2000இல் திருத்திய பதிப்பாகத் தந்த ‘ஐசாட்(ஜி)’ என்பது ஒன்று. ஓர் ஆவணத் தொகுப்பை எவ்வாறு விவரிப்பது என்று அது கற்பிக்கிறது. மற்றொன்று ‘ஈ.ஏ.டி.’ எனப்படும் கணினிக் குறியீட்டு முறை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1998இல் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. முன்னது இலக்கணம் என்றால், பின்னது அந்த இலக்கணத்தைக் கணினிக்கு உணர்த்தும் எழுத்து எனலாம்.

பொதுநெறியின் அருமையைத் திருமறை மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1551இல் ராபர்ட் எஸ்தியேன் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வசன எண்களை இட்டதன் பயனை நாம் நாள்தோறும் நுகர்கிறோம். கிராம உபதேசியாரும் பேராசிரியரும் ஒரே எண்ணைச் சொல்லி ஒரே வசனத்தைத் திறக்கிறார்கள். எனினும் எபிரெய மரபில் 23ஆம் சங்கீதமாய் இருப்பது இலத்தீன் மரபில் 22ஆம் சங்கீதம். ஆகவே நல்ல விரிவுரையாளர் இரண்டு எண்களையும் தருகிறார். ஒரு மரபின் எண்ணை மட்டும் அச்சிட்டால், மற்ற மரபில் வளர்ந்தவர் வழிதவறுவார் அன்றோ?

இவ்வளவுகோலை ஜவ்வாது மலைக்கு வைத்துப் பார்ப்போம். அங்கு ஐசாட்(ஜி) நெறியின் குறைகள் மூன்று புலப்படுகின்றன.

முதலாவது, அதன் இருபத்தாறு கூறுகளுள் இன்றியமையாதவை ஆறே: குறியெண், தலைப்பு, ஆக்கியோர், காலம், அளவு, விவரிப்பு நிலை. ஆவணத்தின் உள்ளடக்கம் இவ்வாறினுள் இல்லை. ‘மருத்துவ ஊழியர் கடிதங்கள், இரண்டு பெட்டிகள்’ என்று எழுதி, குறியெண்ணும் பெயரும் ஆண்டும் நிலையும் சேர்த்துவிட்டால் நெறி நிறைவேறிவிடும். அக்கடிதங்கள் மலையைப்பற்றிப் பேசுகின்றனவா என்பது தெரியாமலே போகும். உள்ளடக்கத்தை விவரிக்க நெறியில் இடம் உண்டே எனலாம். மெய்தான், ஆனால் ஆளும் பொருளும் குறைந்த காப்பகம் கட்டாயமானதோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது, தொகுப்புகள் அவற்றை ஆக்கியோர் பெயரிலேயே அடுக்கப்படுகின்றன. டாக்டர் ஐடா ஸ்கடரின் தாள்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் அவர் பெயரிலேயே காக்கப்படுகின்றன. அது முறையே. ஆனால் எழுதியவரின் பெயரை அறிந்தவர்க்கே இவ்வாசல் எளிதில் திறக்கும். எழுதப்பட்ட மக்களுக்கு அதில் தனி வாசல் இல்லை.

மூன்றாவது, பெயர் வேறுபாடு. ஜவ்வாது, ஜவாதி, ஜவாது என இம்மலைக்கே பல எழுத்துகள். ஆங்கிலத்தில் இன்னும் மிகுதி. பழைய ஏடுகளில் வட ஆர்க்காட்டிற்கு உட்பட்டிருந்த இம்மலை, 1989இல் அம்மாவட்டம் பிரிந்து, 2019இல் வேலூர் மாவட்டமும் பிரிந்தபின், திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அங்கு வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. அச்சொல்லைக் கணினியில் இட்டால் கேரள மக்களைப்பற்றிய ஏடுகளே வந்து குவியும். பெயர் வேறுபாடுகளுக்கென்று வகுக்கப்பட்ட துணைநெறியோ தனிமனிதர், குடும்பம், நிறுவனம் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. ஊருக்கும் குலத்திற்கும் அதில் இடமில்லை.

இது நூலகத்தாரின் நுணுக்கச் சிக்கல் மட்டுமன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்னரே தாம் வன நிலத்தில் இருந்ததைப் பழங்குடியினர் காட்டவேண்டும். மாவட்ட விவரணச் சுவடிகள், மக்கள்தொகைக் கணக்குகள், நில அளவை அறிக்கைகள், வரைபடங்கள் முதலியவற்றையும் மூத்தோர் வாக்குமூலத்தையும் அச்சட்டத்தின் விதிகள் சான்றாக ஏற்கின்றன. மூத்தோர் மறைந்தபின் எஞ்சுவது ஏடுதான். அந்த ஏடு ஒரு காப்பகத்தில் பத்திரமாக இருந்தும் பட்டியலில் மலையின் பெயர் இல்லையெனில், மலைவாழ் குடும்பத்திற்கு அது இல்லாததற்கு ஒப்பாகும்.

2023இல் பேரவை நிறைவுசெய்த புதிய கருத்துருவில், இடமும் மக்கள் குழுவும் தனித்தனி உருக்களாக ஏற்கப்பட்டுள்ளன. ஓர் ஆவணத்தை அதை எழுதியவரோடு மட்டுமன்றி, அதில் குறிக்கப்பட்டோரோடும் இணைக்க இது வழிதிறக்கிறது. வரவேற்கத்தக்க திருத்தம். ஆயினும் கருத்துரு தானாகப் பட்டியல் எழுதாது.

நம் இறையியல் கல்லூரிகளிலும் திருமண்டல அலுவலகங்களிலும் சபைப் பதிவேடுகள், மிஷனெரி அறிக்கைகள், பள்ளி ஏடுகள் குவிந்துள்ளன. அவற்றைப் பொதுநெறிப்படி பட்டியலிடுவோர், கட்டாயமான ஆறு கூறுகளோடு மேலும் மூன்றைத் தாமே கட்டாயமாக்கிக்கொள்வது நலம்: உள்ளடக்கத்தைத் தமிழில் இரண்டு வரியில் எழுதுதல், ஊர்ப்பெயரைப் பழையதும் புதியதுமாக எல்லா வடிவிலும் தருதல், ஏட்டில் பேசப்படும் மக்களின் பெயரை, அவர்கள் தம்மை அழைக்கும் வண்ணமே குறித்தல். ஆராய்ச்சி மாணவர் இதற்கு நூலகரையே நம்பியிராமல், தாம் கண்டெடுத்த ஊர்ப்பெயர்களைப் பட்டியலில் சேர்க்கக் கொடுத்துச் செல்லவேண்டும்; மலையடிவாரச் சபைகளின் ஆயர்கள், பழைய பெயர்களை அறிந்த முதியோரிடம் அவற்றைக் கேட்டெழுதி அனுப்பவேண்டும். பொதுநெறியை ஏற்போம், அது கேட்கும் அளவோடு நின்றுவிடாதிருப்போம்.