மணிமேகலை: தொடர்ச்சியும் விலகலும்

சிலப்பதிகாரத்தை முடித்த கையோடு மணிமேகலையை எடுக்கும் வாசகர், மாதவியும் அவள் மகளும் என்னவாயினர் என்று அறியும் ஆவலுடனேயே எடுக்கின்றனர். உ. வே. சாமிநாதையர் அவற்றை முறையே 1892 இலும் 1898 இலும் பதிப்பித்தார். இரண்டும் இரட்டைக் காப்பியங்கள் என்றே வழங்கப்படுகின்றன. ஆயினும் தொடர்ச்சி என்ற வகையில் சாத்தனாரின் நூல் நமக்கு நிறைவையும் ஏமாற்றத்தையும் ஒருங்கே தருகின்றது.

ஏமாற்றம் காதற் பகுதியிலேயே தொடங்குகின்றது. தன்னைப் பொருளுக்கு விலைப்படும் குலத்தவள் என இகழ்ந்த உதயகுமரன் பின்னேயே தன் நெஞ்சம் சென்றதை மணிமேகலை சுதமதியிடம் ஒப்புக்கொள்கின்றாள். கணிகையர் வாழ்வை மறுத்த இளம்பெண்ணின் உள்ளத்தில் எழும் இம்முரண்பாடு பெருங்கவிஞன் ஒருவனுக்கு வாய்த்தற்கரிய பொருளாகும். சாத்தனாரோ அதனை வளர்க்கவில்லை. மணிபல்லவத்துப் புத்தபீடிகை அவளது பழம்பிறப்பை உணர்த்துகின்றது. அப்பிறப்பில் அவள் இலக்குமி; அவன் அவள் கணவன் இராகுலன். இவ்வாறு காதல் வினையின் எச்சமாகச் சுருங்கிவிடுகின்றது. காயசண்டிகை வடிவில் அவள் நின்றதால் காஞ்சனன் மயங்கி உதயகுமரனை வெட்டுகின்றான். அழுது உடலை நெருங்க முனைபவளைக் கந்திற்பாவை தடுத்து, கலமுடைத்த மடையன் ஒருவனை முற்பிறப்பில் வெட்டிய வினையே அவனைக் கொன்றது என விளக்குகின்றது. விளக்கம் கிடைக்கின்றது, துயரம் கிடைக்கவில்லை.

சிலம்பிலும் அற்புதம் உண்டு. ஆனால் மதுரையை எரித்த தீ கண்ணகியின் சினத்தில் பிறந்தது. இங்கோ அற்புதம் பல இடங்களில் உணர்ச்சிக்கு மாற்றாக வந்து நிற்கின்றது.

எனினும் அற்புதம் அனைத்தையும் ஒதுக்குதல் நேர்மையான திறனாய்வாகாது. அமுதசுரபி பசித்தோரின் நெடுங்கனவு. பசியே எல்லா இழிவுக்கும் வேர் என்றும், உணவளித்தலே உயிரளித்தல் என்றும் இத்துணை அழுத்தமாக உரைத்த காப்பியம் தமிழில் வேறொன்றில்லை எனலாம். அக்கலமும் தானே நிறைவதில்லை. ஆதிரை இட்ட முதற் பிச்சையின் பின்னரே அது சுரக்கின்றது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் மந்திரத்தாலன்று, அரசனிடம் அவள் வேண்டியதனாலேயே. அற்புதம் சமூக வாழ்வைத் தீண்டும் இவ்விடங்களில் சாத்தனார் இளங்கோவுக்குச் சற்றும் குறைந்தவரல்லர். மணிபல்லவத்தை நயினாதீவு எனக் கொள்வோர் நம்மிடையே உளர். அவ்வுரிமையினும் இவ்வறமே நம்மை இந்நூலோடு பிணிக்கின்றது.

இறுதிக் காதைகளில் சமயவாதிகளின் கூற்றுகளும் பௌத்த அளவையியலும் கதையை மேவிவிடுகின்றன. தமிழ்ச் சிந்தனை வரலாற்றை ஆராய்வோர்க்கு அவை பெருஞ்செல்வம். கதைமாந்தரைத் தேடும் வாசகருக்கோ மணிமேகலை அங்கு கேட்போளாக மட்டுமே எஞ்சுகின்றாள்.

கொள்கை இலக்கியத்தைக் கெடுக்கும் என்று கூறுவோர் இந்நூலைச் சான்றாகக் காட்டுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. பசியைப் பேசுங்கால் இதே கொள்கையே சாத்தனாரை உயர்த்தியது. அக்கொள்கை வாழ்க்கையினூடாக வரும்போது காவியமாகின்றது. வாழ்க்கைக்குப் பதிலாக வரும்போது போதனையாகின்றது. முற்போக்கு இலக்கியம் படைப்போர் இவ்வேறுபாட்டைச் சாத்தனாரின் வெற்றியிலிருந்தும் தோல்வியிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.