இரண்டடி வாசல்

சாந்தோம் ரோசரி சர்ச் சாலையிலிருந்து கச்சேரி சாலைப் பக்கமாகக் காலை ஆறு மணிக்கு நடந்தால், கோலத்தின் இன்றைய நிலவரம் முழுவதும் தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் தனி வீடுகளின் முன்னே, தண்ணீர் தெளித்த தெருவிலேயே கோலம் விரிந்திருக்கும். அடுக்ககத்தில் கேட்டுக்கு வெளியே ஒரே ஒரு கோலம். காவலாளியின் மனைவியோ வீட்டுவேலைக்கு வரும் அம்மாவோ போட்டது, எல்லாப் பிளாட்டுக்கும் பொது. உள்ளே மாடிக்கு மாடி சாக்பீஸ், பெயின்ட், ஸ்டிக்கர். கடலோரக் குப்பங்களில் வீட்டு வாசலே தெரு என்பதால் கோலம் பாதித் தெருவை எடுத்துக்கொள்ளும்.

வீடு மாறியது, கோலமும் மாறியது. சாணம் தெளித்த மண்வாசல் மாவைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் கறுத்த தரையில் வெள்ளை இழை எடுப்பாகத் தெரியும். பிறகு சிமென்ட், மொசைக், கடைசியில் வழவழவென்று டைல்ஸ். அரிசிமாவின் இடத்தை வெள்ளைக்கல் பொடி பிடித்தது. விரலில் அது வழுக்கிக்கொண்டு இறங்கும், ஆனால் எறும்புக்கு அதில் ஒன்றுமில்லை.

நல்ல கோலத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். மார்கழியில் பத்திரிகைகள் ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று அச்சிடுகின்றன. நடுவரிசையில் 15, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் நிற்க வேண்டும். மொத்தம் 169 புள்ளிகள். அளவுகோல் கிடையாது, குனிந்த வாக்கில் கண்ணும் கையும் அளப்பதுதான். ஒரு வரிசை அரை விரல் நகர்ந்தாலும் ஓரத்துக்கு வரும்போது கோலம் கோணிவிடும். அடுத்தது இழை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து பொடி இறங்குகிறது. வளைவில் கையின் வேகம் குறையும். அங்கே விரலைச் சற்று இறுக்காவிட்டால் பொடி குவிந்து இழை தடித்துப்போகும். தேர்ந்த கை போட்ட கோலத்தில் இழை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மாக்கோலம் வேறு வித்தை. அரைத்த அரிசிமாவில் நனைத்த துணியை உள்ளங்கையில் பிழிய, மாவு மோதிர விரல் வழியே இறங்கும். ஈரத்தில் கோடு மங்கலாகத்தான் இருக்கும், காய்ந்த பிறகே வெண்மை எழும். போடுகிறவர் பாதிக் கோலத்தை மனதுக்குள் பார்த்தபடிதான் போடுகிறார்.

சிக்குக் கோலத்தில் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு நேர்ப்புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே குறுக்காகவே சென்று, ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பினால், ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். நான்குக்கு நான்கு வைத்தால் நான்கு தனித்தனி இழைகள். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழை. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-இல் வெளிவந்த ஆய்வில், கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் கோலத்தை விளக்கினார்கள். பின்னாளில் ஷோஜிரோ நகாதா, கிவாமு யனகிசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர்களும் கோல இழைகளை எண்களாக்கி ஆராய்ந்தார்கள்.

வீடு மாறினால் வீட்டுக் கலை என்ன ஆகும் என்ற கேள்வியைப் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானும் சந்தித்தது. 1955-இல் அமைந்த ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் கான்கிரீட் அடுக்ககங்களை வரிசை வரிசையாக எழுப்பியது. இரண்டு அறை, சாப்பாட்டு மேசை போடுகிற அளவுக்குச் சமையலறை. பழைய வீட்டில் மலர் அலங்காரம் வீற்றிருந்த தொகொனோமா மாடத்துக்கு அங்கே இடம் அரிது. இகெபானா என்னும் அந்த மலர்க்கலை அதனால் அழியவில்லை. 1927-இல் சோஃபு தெஷிகஹாரா நிறுவிய சோகெட்சு பள்ளி அதை மாடத்திலிருந்து முன்பே விடுவித்திருந்தது. அவர் இரும்பையும் காய்ந்த மரத்தையும்கூட அலங்காரத்துக்குள் கொண்டுவந்தார். ஒன்றை மட்டும் ஜப்பானியர் விடவில்லை. செருப்பைக் கழற்றுவதற்காக ஒரு படி தாழ்த்திக் கட்டும் கெங்கான் என்னும் நுழைவிடம், சின்னஞ்சிறு பிளாட்டிலும் தொடர்ந்தது.

சென்னைப் பிளாட்டில் கதவைத் திறந்தால் நடைவழி, எதிரே இன்னொரு கதவு. ஆகவே கோலம் நாலு புள்ளி, ஐந்து புள்ளிக்குச் சுருங்கியது. டைல்ஸில் பொடி நிற்காது, காற்றிலும் காலிலும் போய்விடும் என்று சாக்பீஸை நனைத்து வரைகிறார்கள். காய்ந்ததும் கோடு பளிச்சென்று நிற்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல எதுவுமில்லை. தினமும் கை வரைகிறது, மறுநாள் துடைத்துவிட்டு வேறொன்றை வரைகிறது. அது கோலம்தான்.

ஸ்டிக்கர் அப்படி இல்லை. வேலைக்கு ஓடும் பெண்ணின் அவசரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இழப்பு இழப்புதான். சாவு விழுந்த வீட்டில் கோலம் கிடையாது. திவசத்தன்று இல்லை, பல வீடுகளில் அமாவாசையன்றும் இல்லை. வெறும் வாசலைப் பார்த்ததுமே அக்கம்பக்கம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கல்யாண வீட்டைக் காவி பூசிய மாக்கோலம் சொல்லிவிடும். ஒட்டிய ஸ்டிக்கர் எல்லா நாளும் ஒரே சேதியைத்தான் சொல்கிறது.

இடம் கிடைத்தால் இந்தக் கை எவ்வளவு தூரம் போகும் என்பதை மயிலாப்பூர் விழாவில் பார்க்கலாம். ஜனவரியில் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டியில் பாட்டிகளும் கல்லூரிப் பெண்களும், சில ஆண்களும், தெருவின் கறுப்புத் தார்மீது அருகருகே குனிந்து இழை இழுக்கிறார்கள். கோலம் பேசவும் செய்யும். 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது. மறுநாளே அந்த எதிர்ப்பு வாசகங்கள் பல வாசல்களில் கோலமாகின.

இனி அடுக்ககம் கட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கதவுக்கும் வெளியே, நடைவழியின் டைல்ஸுக்கு நடுவே, இரண்டடிக்கு இரண்டடி மெருகேற்றாத கடப்பைக் கல் ஒன்றைப் பதிக்க வேண்டும். பொடி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், கறுப்பில் வெள்ளை எடுப்பாகவும் தெரியும். ஏழு வரிசைச் சிக்குக் கோலத்துக்கு அந்த அளவு தாராளமாகப் போதும்.