கழித்துப் போட்ட 47 முடிவுகள்

கதையின் முதல் பிரதியை முடித்ததும் ஒரு சலிப்பு வரும். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று தெரிந்துபோன கதையை மறுபடி எடுக்கக் கை வராது. அப்படிச் சலித்துக் கிடக்கும் நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் 2012 பதிப்பை. 1929இல் வெளிவந்த அந்த நாவலுக்கு அவர் எழுதிப் பார்த்துக் கழித்த முடிவுகளையெல்லாம் அதில் பின்னிணைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 47. பாரிஸ் ரிவ்யூ இதழின் பேட்டியில் அவரே சொன்ன கணக்கு 39தான். தன் உழைப்பைக் குறைத்துச் சொன்ன எழுத்தாளர்கள் அபூர்வம்!

நாவலின் கடைசியில் நாயகி கேதரின் பிரசவத்தில் இறந்துவிடுகிறாள். குழந்தையும் இல்லை. அவள் காதலன் ஹென்றி தனியாக நிற்கிறான். இதற்குமேல் என்ன எழுதுவது? ஒரு முடிவில் குழந்தை பிழைக்கிறது. இன்னொன்றில் ஹென்றியின் நண்பர்களான ரினால்டியும் பாதிரியாரும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ஹெமிங்வே கணக்குத் தீர்க்கிறார். வேறொன்றில் கடவுளைப் பற்றிய யோசனை. நாவலின் நடுவிலிருக்கும் ஒரு பத்தியைக் கடைசிக்குக் கொண்டுபோகலாம் என்று சக எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்ட் யோசனை சொன்னார். அவர் அனுப்பிய குறிப்புகளின் அடியில் ஹெமிங்வே எழுதிவைத்த பதிலை இங்கே அச்சிட முடியாது. ஆனாலும் அந்த முடிவையும் எழுதிப் பார்க்காமல் விடவில்லை.

இவற்றில் சில அழகான பத்திகள். ஆனால் எல்லாவற்றிலும் யாரோ நமக்கு எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். அச்சானதில் விளக்கமே கிடையாது. ஹென்றி நர்ஸுகளை வெளியே போகச் சொல்லி, கதவைச் சாத்தி, விளக்கை அணைக்கிறான். பிரயோஜனமில்லை. சற்றுக் கழித்து மழையில் ஹோட்டலுக்கு நடக்கிறான்.

அந்த மழைதான் விசேஷம். முதல் அத்தியாயத்திலேயே காலராவைக் கூட்டிக்கொண்டு வந்த மழை அது. மழையில் தான் செத்துக் கிடப்பதுபோலத் தெரிகிறது என்று கேதரின் ஒரு ராத்திரி பயந்ததும் அதைப் பார்த்துத்தான். துக்கத்தைச் சொல்லப் புதிதாக ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. வேண்டியதெல்லாம் முன்பக்கங்களிலேயே கிடந்தது. திருத்தி எழுதுவதன் ருசி எனக்குப் பிடிபட்டது இங்கேதான். தன் கதைக்குள் தானே போட்டு மறந்துவிட்ட சாமான்களைத் தேடி எடுக்கிற வேலை அது.

உங்கள் கதையின் முடிவு சரியாக வரவில்லையா? கடைசிப் பக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல் பக்கத்தை எடுத்துப் படியுங்கள்.