எல்லாமே 15 சென்டிமீட்டர்

திருவிழாக் கடையில் தொங்கும் டைனோசரைப் பிள்ளைகள் 'ரப்பர் டைனோசர்' என்பார்கள். கீரிப்பாறையில் அந்தப் பெயர் செல்லுபடியாகாது. குமரி மாவட்டத்தில், அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர் அது. விடியுமுன் பால்வெட்டுக்குப் போய், சிரட்டையில் வடிந்ததைச் சேர்த்து, பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்துப் பழகிய கைக்கு, எது ரப்பர் எது ரப்பர் இல்லை என்று தொட்டதும் தெரியும். அந்தப் பொம்மை பெரும்பாலும் பி.வி.சி.

சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலமாரியில் நிற்பதும் பெரும்பாலும் அதே பி.வி.சி.தான். ஆனால் அதைப் பொம்மை என்று சொன்னால் அவர்கள் முகம் மாறிவிடும். பாப்போ, சஃபாரி, கலெக்டா, பி.என்.எஸ்.ஓ. என்று நிறுவனப் பெயர்களை அடுக்கி, 'இது விளையாட்டுச் சாமான் இல்லை. ஆய்வுக்கட்டுரையைப் பார்த்துச் செதுக்கிய துல்லியமான அளவு மாதிரி' என்பார்கள். கொஞ்ச காலமாக இந்த மவுசு சின்ன டைனோசர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. டைரனோசாரஸை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். வெலாசிராப்டரும் மைக்ரோராப்டரும் காம்ப்சோக்னாதஸும் வைத்திருப்பவர்தான் இன்று விஷயம் தெரிந்தவர். துல்லியத்தின் உச்சமே இந்தச் சின்ன விலங்குகளில்தான் என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை.

அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடலாம். 1996-இல் சீனாவின் லியாவோநிங்கில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸின் உடம்பில் இழை இழையாகத் தூவி இருந்தது. 2007-இல் வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தும் முண்டுகளைக் கண்டார்கள். 2010-இல் நிறமும் தெரியவந்தது: சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். 2012-இல் மைக்ரோராப்டருக்குக் காக்கைபோல் மினுங்கும் கறுப்பு என்றார்கள். இவை ஒவ்வொன்றையும் மாதிரி செய்பவர்கள் ஓரளவு சீக்கிரமாகவே ஏற்றுக்கொண்டார்கள். சேகரிப்பாளர்கள் விடாமல் குறை சொன்னது அதற்கு ஒரு காரணம். இந்த டைனோசர்களின் உள்ளங்கை தரையைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பது இன்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிகிறது என்றால், அந்தப் பெருமையில் இவர்களுக்கும் பங்கு உண்டு. இறகு சரி, நிறம் சரி, மணிக்கட்டு சரி.

அளவு?

கணக்குப் போட ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். பெரிய டைனோசர்களுக்குப் பரவலாக வழங்கும் விகிதம் 1:40. பன்னிரண்டு மீட்டர் டைரனோசாரஸ் அந்தக் கணக்கில் 30 சென்டிமீட்டர் வரும். அலமாரிக்கு அழகான நீளம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய இரண்டு மீட்டர் இருந்த வெலாசிராப்டர் 5 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் காம்ப்சோக்னாதஸ் இரண்டரை. எண்பது சென்டிமீட்டர் மைக்ரோராப்டர் 2, அதாவது சின்ன விரலின் ஒரு கணு. கடையில் இவை கிடைப்பதோ பெரும்பாலும் 10 முதல் 20 சென்டிமீட்டருக்குள். டைரனோசாரஸ் முப்பது; அதன் காலடியில் கோழிபோல் நிற்க வேண்டியவை எல்லாம் பதினைந்து.

'15 சென்டிமீட்டர் வெலாசிராப்டர் என்றால் 1:13. அதுவும் ஒரு அளவுதானே' என்று பதில் வரும். தனியாக மேசையில் வைத்தால் சரிதான். ஆனால் சேகரிப்பு என்றாலே ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைப்பது. பக்கத்தில் வைத்த நொடியில் அலமாரி ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது: இது அதில் பாதி. பல பெட்டிகளில் விகிதம் அச்சிடப்படுவதும் இல்லை. அச்சிட்டவர்கள் நிலைமையும் பெரிய மேன்மை இல்லை. 'பீஸ்ட்ஸ் ஆஃப் தி மெசோசோயிக்' என்ற வரிசை 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டித் தொடங்கியது. மூட்டுக்கு மூட்டு அசையும் ராப்டர்கள், செதுக்கு வேலையில் குறையே சொல்ல முடியாது. ராப்டர்களுக்கு அளவு 1:6 என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பின்னால் டைரனோசார்கள் சில 1:35-இல் வந்தன. வகுத்துப் பார்த்தால் வெலாசிராப்டர் 33 சென்டிமீட்டர், டைரனோசாரஸ் 34. ஒரே வரிசையில், ஒரே அலமாரியில், பதினைந்து இருபது கிலோ விலங்கும் எட்டு டன் விலங்கும் தோளோடு தோள் நிற்கின்றன. இதற்குப் பெயர் துல்லியமாம்.

இந்தத் தளர்ச்சி ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 1854-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் முழு அளவில் டைனோசர்களை நிறுத்தினார். அவர் இகுவானோடானின் கட்டைவிரல் முள்ளை எடுத்து மூக்கில் கொம்பாக வைத்துவிட்டார் என்று இன்றுவரை சிரிக்கிறார்கள். அதே ஹாக்கின்ஸ் பள்ளிகளுக்காகச் செய்த சின்ன வார்ப்புகளை அடிக்கு ஒரு அங்குலம், அதாவது 1:12, என்ற ஒரே அளவில் வைத்தார். விரலை மூக்கில் வைத்த மனிதருக்கு அளவு தவறவில்லை. விரலை விரலில் வைத்திருக்கும் இன்றைய நிறுவனங்களுக்கு அது தவறுகிறது. 1988-இல் தொடங்கி 2015-இல் முடிந்த சஃபாரியின் கார்னகி வரிசையும் 1:40 என்று பெயர் வாங்கியதுதான். சின்ன விலங்குகளுக்கு வந்ததும் அங்கும் விதி நழுவியது.

கேட்டால் மூன்று சமாதானம் சொல்வார்கள். முதலாவது, இரண்டு சென்டிமீட்டரில் நுணுக்கம் காட்ட முடியாது. ரயில் மாதிரி செய்பவர்கள் 1:87-இல் இரண்டு சென்டிமீட்டர் மனிதனுக்குச் சட்டைப் பொத்தானும் கைக்குடையும் வைக்கிறார்கள். ஜப்பானின் கையோடோ நிறுவனம் மிட்டாயோடு கொடுத்த உள்ளங்கைக்குள் அடங்கும் டைனோசர்களில் மத்சுமுரா ஷினோபு செய்த வேலையைப் பார்த்தவர்கள் இந்தச் சமாதானத்தை வாயில் எடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, இரண்டு காலில் நிற்கும் சின்ன உருவம் சாய்ந்துவிடும். உண்மைதான், பி.வி.சி. கால் வெயிலில் வளையும், நாகர்கோவில் ஏப்ரலில் கேட்கவே வேண்டாம். பதினைந்து சென்டிமீட்டரிலும் சாயத்தான் செய்கிறது. அதற்குத்தான் பாதத்தை வாத்துப் பாதம்போல் அகலப்படுத்தி ஒட்டுகிறார்கள். இறகின் ஈர்க்குவரை எண்ணிப் பார்ப்பவர் இந்தப் பாதத்தை மட்டும் எப்படியோ பார்ப்பதில்லை.

மூன்றாவதுதான் வேடிக்கை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விழுங்கிவிடக்கூடிய அளவில் பொம்மை இருக்கக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறதாம். இருக்கிறது, நல்ல விதி. ஆனால் 'பொம்மை இல்லை, மாதிரி' என்று தொடங்கியவர்கள், அளவு என்றதும் பொம்மை விதிக்குப் பின்னால் போய் நிற்பது என்ன நியாயம்?

இவர்கள் ஓயாமல் திட்டுவது 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தை. முழங்கால் உயரத்தில் இடுப்பு இருந்த வெலாசிராப்டரை ஆள் உயரத்துக்கு ஊதிவிட்டார்களாம். ஊதினார்கள்தான், டைனானிகஸ் என்ற பெரிய உறவினத்தைப் பார்த்து உருவாக்கிவிட்டுப் பெயரை மட்டும் இதற்கு வைத்தார்கள். ஆனால் 1:40 டைரனோசாரஸுக்குப் பக்கத்தில் 15 சென்டிமீட்டர் வெலாசிராப்டரை வைப்பவர் அதை ஆறு மீட்டருக்கு இழுக்கிறார். படம் அவ்வளவு தூரம் போகவில்லை. படம் தன்னைக் கதை என்றுதான் சொல்லிக்கொண்டது.

கொலுப்படியில் செட்டியார் பொம்மை பக்கத்துக் கோபுரத்தைவிட உயரமாக இருக்கும். சுசீந்திரத்தில் அனுமன் ஆளைவிடப் பல மடங்கு உயரம். பார்ப்பவர் யாரும் குழம்புவதில்லை. அங்கே அளவு என்பது மரியாதையின் கணக்கு, பக்தியின் கணக்கு. யாரும் அதை அளவு மாதிரி என்று விற்கவும் இல்லை. சேகரிப்பாளர்கள் தங்கள் அலமாரியைக் கொலு என்று ஒப்புக்கொண்டால் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், சின்ன டைனோசரிடம் இருக்கும் பெரிய செய்தியே அது சின்னது என்பதுதான். டைனோசர் என்றால் மலை என்று நினைத்திருந்தவருக்கு, கோழியளவிலும் வான்கோழியளவிலும் அவை ஓடித் திரிந்தன என்று தெரிவதுதான் அதிர்ச்சி. இறகையும் நிறத்தையும் கொடுத்துவிட்டு அந்தச் சின்ன அளவை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன? சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் வாலோடு சேர்த்து முக்கால் மீட்டர் சொச்சம். மைக்ரோராப்டரும் கிட்டத்தட்ட அவ்வளவே. கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் போகும் வழியில் அந்தச் சேவல் புதரை விட்டு ஓடிக் குறுக்கே கடப்பதைப் பார்த்த ஒருவருக்கு, மைக்ரோராப்டரின் உடம்பு என்ன என்பது எந்தப் பெட்டியும் சொல்லாமலே பாதி புரிந்திருக்கும்.

அளவை மதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நல்ல சான்றும் உண்டு. ஃபிராங்ஃபர்ட்டின் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் தோலின் நிறமிகளோடு பிழைத்த, சிட்டகோசாரஸ் என்ற சின்ன டைனோசரின் புதைபடிவம் ஒன்று இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் வின்தரும் சகாக்களும் 2016-இல் அதை ஆராய்ந்தபோது, கலைஞர் பாப் நிகோல்ஸ் அந்த விலங்கின் மாதிரியைச் செய்தார். முழு அளவில், ஒன்றுக்கு ஒன்று. இன்னொரு வார்ப்பைச் சாம்பல் நிறத்தில் விட்டு, பிரிஸ்டல் தாவரவியல் பூங்காவின் மரநிழலிலும் வெட்டவெளியிலும் வைத்து நிழல் விழும் விதத்தைப் படமெடுத்தார்கள். மேல் அடர்த்தி, கீழ் வெளுப்பு என்ற அதன் நிறம் காட்டுக்குள் சிதறி விழும் வெளிச்சத்துக்கே பொருந்தியது. திறந்தவெளியில் இல்லை, காட்டில் வாழ்ந்த விலங்கு என்று அதிலிருந்து சொன்னார்கள். ஒரு மாதிரி அறிவியலுக்கு உழைத்தது என்று சொன்னால் அது இது. சின்ன டைனோசருக்கு இருக்கும் வசதியே அது: முழு அளவில் செய்தாலும் வீட்டுக்குள் வைக்கலாம். டைரனோசாரஸுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

புதைபடிவத்தைப் படமாக அச்சிடும் ஆய்விதழ் எதுவும் பக்கத்தில் ஒரு சின்ன அளவுக்கோடு போடாமல் விடாது. 2013-இல் அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுப் படிவுகளிலிருந்து ட்ரூடான்ட் வகைச் சிறு டைனோசர் ஒன்றை அறிவித்தார்கள். தமிழ்நாட்டு மண்ணின் அந்தச் சின்ன டைனோசருக்குச் சாட்சி ஒரே ஒரு பல். அதே கல்லமேட்டிலிருந்து 1987-இல் அறிவிக்கப்பட்ட பிருகத்காயோசாரஸ், உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அதன் எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன, மிஞ்சியது குறிப்பும் வரைபடமும் சில புகைப்படங்களும்தான். ஒன்றில் பல், இன்னொன்றில் வரைபடம். இரண்டையும் இன்று நாம் பேச முடிவது அளந்து எழுதி வைத்ததால். பெட்டியின் அடியில் ஒரு அங்குலக் கோடு போட மாதிரிக்காரருக்கு என்ன செலவாகும்?

கீரிப்பாறையையே 1:40-இல் செய்து பார்க்கலாம். இருபது மீட்டர் ரப்பர் மரம் அரை மீட்டர் உயரம் வரும். அடியில் குனிந்து பட்டை சீவுகிறவர் நிமிர்ந்தால் 4 சென்டிமீட்டர். அவர் வீட்டுக் கோழி ஒரு சென்டிமீட்டர். சரியான வெலாசிராப்டர் 5 சென்டிமீட்டர் நீளத்தில், அவர் முழங்கால் அருகே இடுப்போடு, கோழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இப்போது பெட்டியைத் திறந்து 'துல்லியமான' 15 சென்டிமீட்டரை அங்கே வைத்தால், அதன் இடுப்பே பால்வெட்டுகிறவரின் நெற்றிக்கு வந்துவிடுகிறது. கோழி அதன் பாதத்துக்கு அடியில் எங்கோ காணாமல் போகிறது.